இன்பம் என்று சொல்ல நாணுவதேன்?

மலருக்குக் கட்டுரை கேட்டு வரும் அன்பர்களும், மலர் வெளிவந்த பின் அதைப் புரட்டிப் பார்க்கும் அன்பர்களும் நம்மிடம் தவறாது கேட்கும் வினா ஒன்று உண்டு. "எழுதி என்ன கண்டீர்கள்?" என்பதே அது. இவ்வினாவின் உடன்பிறப்பு ஒன்று நம் இல்லங்களிலும் ஒலிக்கிறது. கதைப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்த பிள்ளையை நோக்கி, "இதைப் படித்து என்ன ஆகப்போகிறது?" என்கிறோம். கேட்போர் நல்லவர்களே; கெட்ட எண்ணம் எதுவும் அவர்களுக்கு இல்லை. ஆயினும் வெளிமாநிலத் தமிழர் இல்லங்களில் தமிழ் எழுத்து அருகி வருவதற்கு இவ்விரு வினாக்களைக் காட்டிலும் பெரிய காரணம் வேறில்லை என்பது நம் துணிபு. மறுப்போர் பலர் இருப்பர். அவர்களோடு வழக்காடவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நம் விடையை முதற்கண் கூறிவிடுகிறோம். நாம் படிப்பது இன்பத்திற்காக. எழுதுவது, பெற்ற அவ்வின்பத்தை நம்மளவில் அடக்கி வைத்துக்கொள்ள இயலாமையால். புகழ், பொருள், பொது நலம் ஆகியவை இவற்றின் பின்னே வரலாம்; வராமலும் போகலாம். அவை வாராதொழியினும் படிப்புக்கும் எழுத்துக்கும் குறையொன்றும் நேர்ந்துவிடாது.

இரு சாரார்

இன்பம் என்ற சொல்லைக் கேட்டவுடன் முகம் சுளிப்போர் இரு சாரார். முதற்சாரார் பயன் கேட்போர். இவர்களுக்கு நூல் என்பது தேர்வுக்கான கருவி. பாடநூல், போட்டித் தேர்வு வழிகாட்டி, வாழ்வில் வெற்றி பெறும் வழியைக் கூறுவதாக வரும் நூல் ஆகியவற்றை வாங்கத் தயங்கார். ஒரு நாவலுக்கு இருநூறு ரூபாய் கொடுப்பது மட்டும் வீண் செலவாகப் படும். அதே குடும்பம் ஞாயிற்றுக்கிழமை மாலை உணவகம் ஒன்றில் அதனினும் பன்மடங்கு செலவழித்து மகிழ்ந்து திரும்பும். அப்போது எவரும் பயன் என்னவென்று கேட்பதில்லை. மசால் தோசைக்கு இன்பம் ஒன்றே போதிய காரணமாக இருக்க, நூலுக்கு மட்டும் வேறு சான்றிதழ் கேட்பது என்ன முறை?

இரண்டாம் சாரார் தொண்டு பேசுவோர். தமிழைப் படிப்பது கடமை, தமிழில் எழுதுவது தொண்டு என்பது இவர்தம் கட்சி. 2004-ஆம் ஆண்டு நடுவண் அரசு தமிழைச் செம்மொழியென அறிவித்ததை விழாதோறும் நினைவூட்டுவர். அப்பெருமையில் நமக்கும் பங்குண்டு, அதை மறுப்பாரில்லை. ஆனால், தமிழின் தொன்மையை முக்கால் மணி நேரம் முழங்கிய பேச்சாளருள், தாம் அண்மையில் படித்து மகிழ்ந்த ஒரு நூலின் பெயரைக் கூறியவர் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். பின்வரிசையில் கைபேசியோடு அமர்ந்திருக்கும் பிள்ளைகள் அவ்வுரையிலிருந்து அறிந்துகொள்வது ஒன்றே: தமிழ் என்பது பெரியவர்கள் வணங்குகின்ற பொருள், எவரும் படிக்கின்ற பொருளன்று. கடமை என்று சொல்லி ஊட்டிய கஷாயத்தை எந்தப் பிள்ளையும் மறுகுவளை கேட்டதில்லை.

இவ்விரு சாராரும் எதிரெதிர் நிற்போர் போலத் தோன்றுவர். கூர்ந்து நோக்கின் இருவர் கொள்கையும் ஒன்றே. படிப்பு என்பது படிப்பிற்கு அப்பால் உள்ள ஏதோ ஒன்றுக்காகவே செய்யப்படுவது என்பதில் இருவரும் உடன்பட்டவர். ஒருவர் அதற்குச் சம்பளம் என்று பெயரிட்டார். மற்றவர் இனப்பெருமை என்று பெயரிட்டார். படிக்கின்ற மனிதனை இருவருமே மறந்தனர்.

வள்ளுவர் எடுத்த உவமை

நம் கூற்று புதுமையானதன்று. தொண்டு பேசுவோர் எவருக்கு மாலை சூட்டுகின்றனரோ, அவரே நம் பக்கம் நிற்கிறார். திருக்குறளில் நட்பு என்னும் அதிகாரத்தில், பண்புடையாரோடு கொண்ட நட்பு பழகப் பழக இனிமை மிகும் என்று கூற விரும்பிய வள்ளுவர், நல்ல நூல் படிக்குந்தோறும் புதிய நயம் தருவதை அதற்கு உவமையாக்கினார். உவமையின் இலக்கணம் யாது? கேட்போர் நன்கு அறிந்த ஒன்றைக் காட்டி, அத்துணை அறியாத ஒன்றை விளக்குதல். அங்ஙனமாயின், அக்குறளைக் கேட்கும் நூலறிந்த மக்களுக்கு நூலின்பம் என்பது விளக்கம் வேண்டாத, அன்றாடம் நுகர்ந்த ஒன்று என வள்ளுவர் கொண்டார் என்பதன்றோ பொருள்? இன்று தில்லியிலோ நாகபுரியிலோ வளரும் நம் பிள்ளைக்கு அக்குறளை விளக்க வேண்டுமாயின் உவமையைத் தலைகீழாக்க வேண்டியுள்ளது. "நண்பனோடு விளையாடும்போது எப்படி இருக்கிறது? நல்ல நூலும் அப்படித்தான் இருக்கும், நம்பு" என்று கெஞ்ச வேண்டியுள்ளது. நாம் இழந்ததன் அளவு இந்த ஓர் இடத்திலேயே விளங்கும்.

கல்வி அதிகாரத்திலும் வள்ளுவர் இன்பத்தையே பேசுகிறார். தமக்கு இன்பம் தந்த கல்வி உலகினர்க்கும் இன்பம் தருவதைக் கண்டு கற்றவர் மேலும் கற்க விரும்புவர் என்பது அவர் கருத்து. எழுதுவது ஏன் என்ற வினாவுக்கு இதனினும் சுருங்கிய விடையை நாம் அறியோம். தான் சுவைத்ததைப் பிறர் சுவைக்கக் காண்பதே எழுத்து.

ஒரு வாசகர் கேட்ட கேள்வி

பயன் கேட்போர் இங்கே நம்மை மடக்க முயல்வர். "இன்பத்திற்காகப் படித்தவரால் நாட்டிற்கு விளைந்தது என்ன?" என்பர். ஒரு வரலாற்றை நினைவூட்டுகிறோம்.

1880-ஆம் ஆண்டு. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகப் புதிதாக அமர்ந்திருந்தார் உ. வே. சாமிநாதையர். அவ்வூருக்கு அரியலூரிலிருந்து மாற்றலாகி வந்தார் முன்சீப் சேலம் இராமசாமி முதலியார். அவரைக் காணச் சென்ற ஐயரிடம், என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் வினவினார். அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என ஐயர் நீண்ட பட்டியலைக் கூறினார். முதலியார் முகத்தில் வியப்பேதும் தோன்றவில்லை. இவற்றையெல்லாம் படித்து என்ன பயன் என்று கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணியையும் அதுபோன்ற பழைய நூல்களையும் படித்திருக்கிறீர்களா என்றார். ஐயர் அந்நூலைக் கண்ணாற் கண்டதும் இல்லை.

"முதலியாரும் பயனைத்தானே கேட்டார்?" என்று வழக்காடுவோர் சற்றுப் பொறுத்தருள்க. அவர் கேட்ட பயனுக்கும் நம் இல்லங்களில் கேட்கப்படும் பயனுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. நாம் படிப்பை நிறுத்துவதற்காகக் கேட்கிறோம். அவர் மேலும் ஆழ்ந்து படிக்கத் தூண்டுவதற்காகக் கேட்டார். கேட்டதோடு நில்லாமல் நூலின் படியைத் தேடிக் கொடுத்தார். உடன் அமர்ந்து தாமும் படித்தார். ஏழாண்டு உழைப்பின் பின், 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. அதனைத் தொடர்ந்து 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் ஐயர் பதிப்பாய் வெளிவந்தன. இன்று மேடைதோறும் நாம் முழங்கும் பெருமையிற் பெரும்பகுதி இந்நூல்களால் வந்ததேயாம்.

இதிற் சேலம் இராமசாமி முதலியார் யார்? தமிழாசிரியரல்லர்; பதிப்பாசிரியரல்லர். அரசு ஆணையின்படி ஊர்விட்டு ஊர் மாற்றலாகிச் சென்ற அலுவலர். அவரை எந்தத் தேர்வும் சிந்தாமணி படிக்கச் சொல்லவில்லை. எந்தப் பதவி உயர்வும் அதனால் வரவிருக்கவில்லை. வழக்குக் கட்டுகளை மூடிவைத்த பின் எஞ்சிய பொழுதில் அவர் படித்தார், சுவைத்தார், பிறரும் சுவைக்க வேண்டுமென்று துடித்தார். நம்மைப் போன்று மாற்றலாணைக்கு உட்பட்ட ஒரு வாசகரின் வேட்கை தமிழின் தலையெழுத்தையே மாற்றியது. நூலாசிரியர்க்கு விழா எடுக்கும் நாம், வாசகர்க்கும் ஒரு நாள் விழா எடுத்தல் தகும்.

எழுத்தரும் எழுத்தாளரும்

இனி, எழுதுவதற்கு நம் சொந்தக் காரணங்களைக் கூறுவோம்.

நாம் நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். பதவியின் பெயரிலேயே எழுத்து இருப்பதால், மாலையிலும் எழுதுவானேன் என்று நண்பர்கள் நகையாடுவதுண்டு. கோப்பில் எழுதும் எழுத்து எத்தகையது என்பதை அறிந்தவர் அவ்வாறு கேளார். அது ஆங்கிலத்திலோ இந்தியிலோ அமைவது. எந்த மொழியிலாயினும் நடை ஒன்றே. "பரிசீலிக்கப்பட்டது", "சமர்ப்பிக்கப்படுகிறது", "உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்படுகிறது." யார் பரிசீலித்தார்? யார் அனுப்பினார்? வாக்கியத்தில் எழுவாய் இராது; செயப்பாட்டு வினை மட்டும் இருக்கும். இப்போது கோப்பு காகிதத்தைவிட்டுக் கணினித் திரைக்கு ஏறிவிட்டது. நடை மட்டும் ஏறவில்லை. இருந்த இடத்திலேயே இருக்கிறது. இதைக் குறையாகக் கூறவில்லை. அரசின் எழுத்து ஆளைப் பாராது இருத்தலே முறை. ஆனால், இருபது ஆண்டுகள் எழுவாயில்லா வாக்கியங்களை எழுதிய கை, மாலையில் வீடு திரும்பியதும் எழுவாயுள்ள வாக்கியம் ஒன்றை எழுத ஏங்குகிறது. "நாம் கண்டோம், நாம் மகிழ்ந்தோம், நாம் சினந்தோம்" என்று எழுதும்போது, நாள் முழுதும் கோப்பில் மறைந்திருந்த மனிதன் மெல்லத் தலைநிமிர்கிறான். இது முதற்காரணம்.

இரண்டாவது காரணம் கடன். நாம் சிற்றூரில் வளர்ந்தோம். வீட்டில் பஞ்சாங்கத்தையும் பாடநூல்களையும் தவிர வேறு நூல் கிடையாது. நமக்கு நூலுலகைத் திறந்துவிட்டது கிளை நூலகம். 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் இத்துறையில் எழுந்த முதற்சட்டம். சீர்காழி தந்த நூலக அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதனின் இடையறா முயற்சி அதன் பின்னே நின்றது. அச்சட்டத்தின்படி ஊரார் வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்தினர், இன்றும் செலுத்துகின்றனர். எண்ணிப் பாருங்கள். எழுத்தறியாத மூதாட்டி ஒருவர் தம் ஓட்டு வீட்டுக்குச் செலுத்திய வரியின் ஒரு பங்கில்தான், நாம் புதுமைப்பித்தனையும் கு. அழகிரிசாமியையும் படித்தோம். அவ்வின்பத்திற்கு நாம் காசு கொடுக்கவில்லை. கொடுத்தவர் யாரென்றும் அறியோம். பெயரறியாதவர் தந்த கொடையைப் பெயரறியாதவர்க்கே திருப்பித் தருதல் வேண்டும். நம்மிடம் அதற்குள்ள நாணயம் எழுத்து ஒன்றே.

மூன்றாவது காரணம் இம்மலரைப் படிக்கும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் உரியது. நம் வாழ்க்கை எந்த நூலில் இருக்கிறது? அரசுக் குடியிருப்புக்கு ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தது. முதற்குளிரில் கம்பளி வாங்கப் பணமின்றிச் சட்டைமேற் சட்டை அணிந்தது. ஊரில் தந்தை மறைந்த செய்தி வந்து, முன்பதிவில்லாப் பெட்டியில் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நின்றும் அமர்ந்தும் சென்று, காரியம் முடிந்த பின் சேர்ந்தது. கடைக்காரரிடம் முருங்கைக்காய்க்கு இந்தி தெரியாமல் கையால் நீளம் காட்டியது. இவற்றை யார் எழுதுவார்? சென்னையில் இருப்பவர் அறியார்; அண்டை வீட்டு வடவர் அறியார். நாம் எழுதாவிடின் நம் பேரர்கள், தாம் இந்நகரில் வானத்திலிருந்து குதித்ததாகவே எண்ணுவர்.

வெளியிலிருந்து எழுதியோர்

"தமிழ்நாட்டைவிட்டு வந்த பின் எழுத்தாவது, இலக்கியமாவது!" என்று பெருமூச்சு விடுவோர்க்கும் ஒரு சொல். தற்காலத் தமிழிலக்கியத்தின் ஒரு பகுதி, விந்திய மலைக்கு இப்பால் எழுந்ததே. கணையாழி என்னும் இலக்கிய இதழ் 1965-இல் தில்லியில் பிறந்தது, கி. கஸ்தூரிரங்கன் அதன் நிறுவனர். தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த இந்திரா பார்த்தசாரதி, தலைநகரின் அரசியலைத் தந்திர பூமியில் வரைந்தார். நேஷனல் புக் டிரஸ்டில் பணியாற்றிய ஆதவன், இந்நகரத்து நடுத்தர வாழ்வின் போலிமைகளைக் காகித மலர்கள் நாவலில் காட்டினார். 1987-இல் அகால மரணமடைந்த பின், அவ்வாண்டின் சாகித்திய அகாதெமி விருது அவர் சிறுகதைத் தொகுதிக்கு வந்தது. தி. ஜானகிராமன் வானொலிப் பணியில் தில்லியிற் பல்லாண்டு இருந்தவர்.

தில்லியைக் கடந்தும் காண்க. 1931-இல் செகந்திராபாத்திற் பிறந்து வளர்ந்த அசோகமித்திரன், நிஜாம் ஆட்சி முடிவுற்ற 1948-ஆம் ஆண்டுக் கொந்தளிப்பை ஒரு தமிழ் இளைஞனின் கண்வழியே பதினெட்டாவது அட்சக்கோட்டில் எழுதினார். மும்பையில் வேலை பார்த்துக்கொண்டே நாஞ்சில் நாடன் தம் முதல் நாவலான தலைகீழ் விகிதங்களை எழுதினார். அது 1977-இல் வெளிவந்தது. கதை நிகழும் களம் மும்பையன்று. அவர் விட்டுவந்த நாஞ்சில் நாடு. அதே மும்பையை வாழிடமாகக் கொண்ட அம்பைக்கு 2021-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இவர்களுட் பலர் நம்மைப் போன்று சம்பளத்திற்கு உழைத்தவர். ரயிலிலும் பேருந்திலும் அலுவலகம் சென்றவர். இவர்களை எழுத வைத்தது ஓய்வன்று. தமிழ் காதில் விழாத ஊரில், தமிழைக் கண்ணாற் பருகவேண்டிய தாகமே எழுத வைத்தது என்பது நம் கருத்து. தொலைவு எழுத்துக்குத் தடையாயின், இந்நூல்கள் பிறந்திரா.

தராசில் ஏறிய நூல்கள்

இத்துணை வாதிடுவது எதற்காக? ஆபத்து வாயிலில் வந்து நிற்பதால்.

சில மாதங்களுக்கு முன் நம் குடியிருப்பில் ஒரு பெரியவர் காலமானார். நாற்பது ஆண்டு அரசுப் பணி புரிந்தவர். காரியங்கள் முடிந்த மறுவாரம், அவர் வீட்டு வாயிலில் பழைய காகிதம் வாங்குபவரின் தராசு இறங்கியிருந்தது. ஒரு புறம் இந்தி, ஆங்கிலச் செய்தித்தாள்கள். மறுபுறம் தமிழ் நூல்கள். கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வெளிவந்த பொன்னியின் செல்வனை, மணியத்தின் ஓவியங்களோடு வாரவாரம் கிழித்துச் சேர்த்து, அவர் தந்தையார் பைண்டு செய்துவைத்த தொகுதிகளும் அவற்றில் இருந்தன. ஊரிலிருந்து தகரப் பெட்டியில் வந்த நூல்கள். எத்தனையோ வீடு மாற்றங்களைக் கண்ட நூல்கள். மைந்தரை அழைத்துக் கேட்டோம். அவர் நல்லவர், தந்தையை இறுதிவரை பேணியவர். "அண்ணா, எங்க வீட்டில் இப்போ தமிழ் படிக்கத் தெரிஞ்சவங்க யாரும் இல்லை. வெச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. அவர் தமிழ் பேசுவார், திரைப்படம் பார்ப்பார், பொன்னியின் செல்வன் 2022-இலும் 2023-இலும் இரு பகுதிகளாகத் திரைப்படமாக வந்தபோது குடும்பத்தோடு சென்று கண்டவர். அக்கதையின் மூலம் தம் வீட்டுப் பரணிலேயே இருந்ததை அவர் கண் அறியவில்லை.

அவரைக் குறைகூறுதல் அறமாகாது. அவருக்கு இளமையில் தமிழ் எழுத்தை ஊட்டியவர் இல்லை. ஊட்ட முயன்றோரும் கடமை என்றே ஊட்டினர். நம் முன்னோர் இதில் நம்மினும் விழிப்பாக இருந்தனர். பிள்ளைகள் தமிழ் கற்க வேண்டி 1923-இலேயே தில்லியில் கல்விக் கழகம் கண்டனர். 1946-இல் தமிழ்ச் சங்கம் கண்டனர். வாரப் பத்திரிகை ரயிலில் வந்து சேரக் காத்திருந்து, ஒரு படியைப் பத்து வீடுகள் மாற்றி மாற்றிப் படித்தனர். இன்று மதுரைத் திட்டம் 1998 முதல் சங்க நூல்களையும் பிற நூல்களையும் இணையத்தில் விலையின்றித் தருகிறது. நூல் கைக்கெட்டும் தொலைவிற்கு வந்துவிட்டது. படிக்கும் கண் அகன்றுவிட்டது. பாட்டிக்குப் பேத்தி எழுதும் வாழ்த்துச் செய்தி ஆங்கில எழுத்தில் தமிழாக வருகிறது. பாட்டியால் அதைப் படிக்க இயலவில்லை. பாட்டி தமிழில் எழுதும் விடையைப் பேத்தியால் படிக்க இயலவில்லை. ஒரே மொழி பேசும் இருவரிடையே மொழிபெயர்ப்பாளராக நடுவில் நிற்கிறார் தாய்.

தடைகளுக்கு விடை

"பிள்ளைகளுக்கு ஏற்கெனவே இரண்டு மொழிச் சுமை; இருநூற்று நாற்பத்தேழு எழுத்தை எங்ஙனம் கற்பர்?" என்பது பலர் கூறும் தடை. கணக்கு நம்மை அச்சுறுத்துகிறது. உண்மை அத்துணை அச்சம் தருவதன்று. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. எஞ்சிய 216 உயிர்மெய்யும் சில குறியீடுகளைச் சேர்ப்பதால் வருவன. தேவநாகரியை அறிந்த பிள்ளைக்கு இம்முறை முன்னரே பழக்கம். தேவநாகரியில் ககர வரிசையில் ஐந்தெழுத்து. தமிழில் க, ங என இரண்டே. ஐந்து வரிசைகளிலும் சேர்த்து அங்கே இருபத்தைந்து, இங்கே பத்து. இந்தி படிக்கும் குழந்தைக்குத் தமிழெழுத்து சில வாரப் பழக்கம், பாரம் அன்று.

"ஒலிநூல் வந்துவிட்டது, காதாற் கேட்டாற் போதாதா?" என்பது அடுத்த தடை. கேள்விச் செல்வத்தை நாம் இகழவில்லை. வள்ளுவர் அதற்கென்று ஓரதிகாரமே வகுத்தார். ஆயினும் கேட்பவன் சொல்பவரின் நடைக்கு ஏற்ப நடக்க வேண்டும். படிப்பவன் தன் நடையில் நடப்பவன். விரும்பிய வரியில் நிற்பான். சென்ற பக்கத்திற்கு மீள்வான். ஒரு சொல்லின் மேல் விரலை வைத்துவிட்டு, சன்னலுக்கு வெளியே நெடுநேரம் பார்த்திருப்பான். அந்த நிற்றலில்தான் நூலின்பம் ஊறுகிறது. அதைக் காதுக்கு மட்டும் விட்டுவிட்டால், மொழி நம்மைக் கடந்து ஓடும், நம்முள் தங்காது.

"தமிழுக்கு மதிப்பெண் இல்லையே?" என்பது மூன்றாம் தடை. அதனாலேயே அது இன்பமாக இருக்கக்கூடும் என்பது நம் விடை. நாள் முழுதும் மதிப்பெண்ணுக்கு ஓடும் பிள்ளைக்கு, மதிப்பெண் இல்லாத அரைமணி நேரம் ஒன்றை அளிப்பது பெற்றோர் தரக்கூடிய கொடை. அவ்வரைமணியைத் தமிழுக்கு வைத்தால், தமிழ் அவர்களுக்கு விடுதலையின் மொழியாகும்.

செய்யத்தக்கன

வாதம் போதும், செயலைக் கூறி முடிக்கிறோம். பெற்றோர் நாள்தோறும் கால்மணி நேரம் வாய்விட்டுப் படிக்கட்டும். பிள்ளை அருகிலிருந்து எழுத்தைப் பார்க்கட்டும். விளங்கியதா என்று தேர்வு வைக்க வேண்டா. நீதி யாதென்று கேட்க வேண்டா. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாற் போதும். முதலில் எடுப்பது துப்பறியும் கதையாயினும், சித்திரக் கதையாயினும், ஊர்த் தேநீர்க் கடையைப் பற்றிய நகைச்சுவையாயினும் தடுக்க வேண்டா. சிலப்பதிகாரத்திற்குச் செல்லும் பாதை பலருக்கும் அங்கிருந்தே தொடங்கியது. பாட்டிக்கு எழுதும் செய்தி தமிழெழுத்தில் செல்லட்டும். பிழை மலிந்திருப்பினும் பாட்டி மகிழ்வார்.

விழா நடத்தும் அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். தமிழின் தொன்மை பற்றிய உரைகளுள் ஒன்றைக் குறைத்து, அப்பத்து நிமிடத்தில் யாரேனும் ஒருவர், தாம் படித்து மகிழ்ந்த ஒரே ஒரு நூலைப் பற்றிப் பேசட்டும். இல்லத்தரசியாயினும், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியராயினும், பள்ளி மாணவியாயினும் சரி. பொன்னாடை வேண்டா, கையில் அந்நூல் இருந்தாற் போதும். அடுத்த மலருக்கு ஒவ்வொரு குடும்பமும் தாம் இந்நகர்க்கு வந்த கதையை ஒரு பக்க அளவில் எழுதித் தரட்டும். நடை நன்றாக இல்லையே என்று கூச வேண்டா. எழுவாயும் பயனிலையும் உண்மையும் இருந்தால் நடை தானே அமையும்.

எழுதி என்ன கண்டீர்கள் என்று இனியும் கேட்போர்க்கு நாம் நாணாது கூறும் விடை இதுவே: இன்பம் கண்டோம். முன்பின் அறியாத ஒருவர் எழுதியதைப் படித்துக் கண்டோம். முன்பின் அறியாத ஒருவர் படிக்க எழுதியும் கண்டோம். கேட்டவர் இன்றிரவு உறங்குமுன் ஒரு நூலை எடுத்துப் பத்துப் பக்கம் படித்துவிட்டு வரட்டும். அதன் பின்னும் ஐயம் எஞ்சினால், மறுபடி வழக்காட நாம் அணியமாக இருக்கிறோம்.